தகரப் பெட்டியும் ஜெரஜாக் தீவும்



நம்மவர்கள் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்த கதையைப் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் காலத்தில் வந்தார்கள், யார் அழைத்து வந்தார்கள், என்ன சம்பளம் என்பதெல்லாம் புத்தகங்களில் உண்டு. அவர்களுடைய மூட்டைக்குள் என்ன இருந்தது என்று சொல்லும் புத்தகம் குறைவு. அதிலும், தேய்த்துக் குளிக்கவும் தலை வாரவும் பல் விளக்கவும் என்னென்ன எடுத்து வந்தார்கள், கடல் நடுவே அவற்றை எப்படிப் பயன்படுத்தினார்கள், பினாங்கில் இறங்கும்போது என்ன நேர்ந்தது என்று கேட்டால், இதெல்லாம் ஒரு சரித்திரமா என்று சிலர் சிரிக்கக் கூடும். சரித்திரம்தான். அந்த நாளில் நம் மக்கள் மீது ஒட்டப்பட்ட பட்டங்களில் ஒன்று, 'அழுக்கானவர்கள்' என்பது. அது நியாயமா என்று தெரிய வேண்டுமானால் மூட்டையை அவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வழியைச் சொல்லி விடுகிறேன். 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலேயர் கொடியை ஏற்றினார். சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் வணிகரும் தொழிலாளரும் அங்கே வரத் தொடங்கினர். பிறகு, அன்று வெல்லஸ்லி மாநிலம் எனப்பட்ட செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும், அதன் பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆட்கள் கொண்டு வரப்பட்டனர். நாகப்பட்டினமும் சென்னையும் ஏறுதுறை. பினாங்கு முதல் இறங்குதுறை. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறை நீடித்தது. 1938-இல் இந்திய அரசு உதவிச் சீட்டில் தொழிலாளர் வருவதற்குத் தடை போட்டது. நீராவிக் கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய ஒரு வாரம். பாய்மரக் காலத்தில் அது பல வாரம்.

இனி மூட்டை. ஏழையின் மூட்டைதான், ஆனால் வெறும் மூட்டை அல்ல. பல் விளக்க உமிக்கரி, அல்லது வேப்பங்குச்சி ஒரு கட்டு. தலைக்கு நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய். எண்ணெய் போக்கச் சீயக்காய்த் தூள். சில ஊர்க்காரர்களுக்கு அரப்பு. பெண்களுக்கு மஞ்சள் கிழங்கு, குங்குமச் சிமிழ், விளக்கெண்ணெய் விளக்கில் பிடித்த கண் மை. மரச்சீப்பு, அதோடு பேன் சீப்பும் ஈர்வலியும். திருநீற்றுப் பை. பிள்ளைக்காரிகளிடம் பயற்றம் மாவு. சொல்லப் போனால், ஒரு வீட்டின் குளியலறை முழுவதும் ஒரு துணி முடிச்சுக்குள் அடங்கியிருந்தது.

என் பாட்டி ரஜூலா கப்பலில் வந்தவர். பெட்டி கட்டுவதைப் பற்றி அவர் சொன்ன விதிகள் எனக்கு மனப்பாடம். எண்ணெயும் பொடியும் ஒரு மூலையில் வைக்கக் கூடாது. எண்ணெய்ப் புட்டியை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. வெயிலில் எண்ணெய் விரிந்து அடைப்பைத் தள்ளி விடும். தக்கை மேல் துணியைச் சுற்றிக் கட்டி, புட்டியைப் பழைய சேலைக்குள் நிறுத்தி வைக்க வேண்டும். நல்ல சேலைக்குள் வைத்தவள் நாகப்பட்டினத்திலேயே அழுதாள் என்பார். மஞ்சளையும் குங்குமத்தையும் பெட்டியில் போடாமல் மடியில் வைத்துக் கொள்ள வேண்டும், பெட்டி போனாலும் அது போகக் கூடாது என்பதற்காக. பெட்டி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மலாய் மொழியில் 'பெத்தி' என்றாலும் பெட்டிதான். 'கப்பால்' என்றால் கப்பல்தான். நம் ஆட்கள் கொண்டு வந்த சரக்கில் சொற்களும் இருந்தன.

ரஜூலாவைப் பற்றிச் சிறிது. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்காக 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டது. ஐயாயிரம் பேருக்கு மேல் டெக்குப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்த கப்பல் அது. பின்னாளில் அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். டெக்குப் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம் அவர் வீடு. பக்கத்துப் பாயில் வாந்தி எடுத்தால் அதுவும் அவர் வீட்டு வாசலில்தான்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம்; இந்தப் பேச்சின் நடு முடிச்சு அதுதான். கப்பலில் நன்னீர் குடிக்கவும் சமைக்கவும் அளந்தே கொடுக்கப்படும். டெக்குப் பயணிக்குக் குளிக்கக் கிடைப்பது கடல் நீர். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அந்த நீரில் சாதாரணச் சவர்க்காரத்தைத் தேய்த்துப் பாருங்கள், நுரை வராது. பிசுபிசுப்பான வெள்ளைத் திரை ஒன்று உடம்பில் ஒட்டிக் கொள்ளும். காரணம் இரண்டு. கடல் நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகி விடுகின்றன. அது போக, உப்பே சவர்க்காரத்தைத் தண்ணீரிலிருந்து வெளியே தள்ளும். சவர்க்காரத் தொழிற்சாலையில் காய்ச்சிய கலவையிலிருந்து சவர்க்காரத்தைப் பிரித்தெடுக்க உப்பைத்தான் போடுகிறார்கள். ஆகவே கடல் நீரும் சவர்க்காரமும் ஒத்துப் போகாதவை. தேங்காயெண்ணெயில் செய்தது மட்டும் ஓரளவு விதிவிலக்கு. உப்பு நீரிலும் அது நுரைக்கும் என்பதால் மாலுமிகள் அதை விரும்பினர்.

சீயக்காய் அப்படியல்ல. அதில் நுரை தருவது வேறு வகைப் பொருள். கடின நீரில் சவர்க்காரம் திரிவது போல அது திரிவதில்லை. நாட்டுப்புறப் பெண் துணி முடிச்சில் கட்டி வந்த பழுப்புத் தூள், மேல் வகுப்புப் பயணியின் வாசனைச் சவர்க்காரத்தை விடக் கடல் நீருக்கு ஏற்றதாக இருந்தது என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. ஆனாலும் கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றி அலசாவிட்டால் உப்பு காய்ந்து தோல் அரிக்கும், தலைமுடி கயிறாகும். அந்த ஒரு செம்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

இப்படி ஒரு வாரம் கழித்துக் கப்பல் பினாங்கை நெருங்கும். ஜார்ஜ் டவுன் கரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலத்துத் தொழிலாளர்கள் நேரே ஊருக்குள் போய்விட முடியாது. பினாங்குத் தீவின் கிழக்குக் கரைக்கு எதிரே ஜெரஜாக் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. 1860-களின் இறுதியில் அங்கே தொழுநோயாளர் இல்லம் அமைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் தொற்றுத் தடுப்பு நிலையமும் வந்தது. கப்பலில் வந்த தொழிலாளர்களை அங்கே இறக்கிச் சில நாட்கள் வைத்துப் பார்த்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினர். இத்தகைய தடுப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'குவாரண்டீன்' என்ற சொல், இத்தாலிய மொழியில் நாற்பது என்ற எண்ணிலிருந்து வந்தது. பழைய வெனிஸ் துறைமுகத்தில் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்தி வைத்த வழக்கம் அதற்கு மூலம்.

அக்காலத் தடுப்பு நிலையங்களின் பொது நடைமுறை இது: ஆண்களும் பெண்களும் தனித்தனியே பிரிக்கப்படுவார்கள். கிருமிநாசினி கலந்த நீரில் குளிக்க வேண்டும். துணிமணிகள் நீராவி அடைப்புக்குள் போகும். சாயம் போகும் சேலை பக்கத்து வேட்டியையும் நிறமாக்கி வெளியே வரும். தோல் பொருள் சுருங்கிப் போகும். மூட்டைகள் அவிழ்க்கப்படும். மேலே நான் சொன்ன சிமிழும் சீப்பும் முன்பின் தெரியாதவர் கைகளில் புரளும். பிறர் முன்னே முந்தானையை விலக்காத பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். நோய் பொய்யல்ல. அம்மையும் வாந்திபேதியும் கப்பல்களில் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. 1894-இல் ஹாங்காங்கில் பிளேக் கண்ட பின் எல்லாத் துறைமுகங்களும் நடுங்கின. அது எலித் தெள்ளுப் பூச்சியால் பரவுகிறது என்பதைச் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் காட்டினார். துணியில் இருக்கும் பேனால் ஒருவகைக் காய்ச்சல் பரவுவதை நிக்கோல் என்பவர் 1909-இல் கண்டறிந்தார். ஆகவே துணியை நீராவியில் வைத்ததற்கும் அம்மைப்பால் குத்தியதற்கும் காரணம் இருந்தது. அந்த அம்மை நோயே உலகத்தை விட்டு ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டதை நாம் அறிவோம். தடுப்பூசி இல்லாமல் அது நடந்திருக்காது.

ஆனால் வாந்திபேதி? அது அசுத்தமான நீராலும் உணவாலும் வருவது. கிருமியை ராபர்ட் கோக் 1883, 1884-ஆம் ஆண்டுகளில் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து உறுதி செய்தார். அதைத் தடுக்கத் தேவை நல்ல குடிநீரும் நல்ல கழிப்பிடமும். அவற்றைக் கொடுக்க வேண்டியவர்கள் ஆட்களை ஏற்றி வந்தவர்கள். கப்பலில் தண்ணீரை அளந்து கொடுத்துவிட்டு, இறங்கியதும் உடம்பைக் கிருமிநாசினியில் கழுவியதில் பாதிதான் வைத்தியம். மீதிப் பாதி பழியை இடம் மாற்றியது. மேல் வகுப்பு அறைகளில் வந்தவர்களைப் பெரும்பாலும் டெக்குப் பயணிகளைப் போல நடத்தவில்லை. அதே கப்பல், அதே காற்று. கிருமிக்குச் சீட்டைப் பார்த்து ஏறத் தெரியாது.

அந்தக் கிருமிநாசினி வாடை நம் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. கார்பாலிக் அமிலம் என்று பெயர். லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் 1860-களில் புண்களுக்குப் பயன்படுத்திப் பிரபலமாக்கினார். இங்கிலாந்தின் லீவர் நிறுவனம் 1894-இல் வெளியிட்ட லைப்பாய் என்ற சிவப்புச் சவர்க்காரத்தில் அது கலந்திருந்தது. தோட்டத்துப் பழைய ஆட்கள் அந்த வாடையை ஆஸ்பத்திரி வாடை என்பார்கள். பால் வெட்டி வந்த கையில் ஒட்டிய ரப்பர்ப் பாலை உருட்டி எடுத்துவிட்டு, அந்தச் சிவப்புக் கட்டியைத் தேய்த்துக் கழுவிய தலைமுறை நம்முடைய பெற்றோர் தலைமுறை.

ஜார்ஜ் டவுனில் காலூன்றிய பிறகு நிலைமை மாறியது. சூலியா தெருவிலும், 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கும் குயின் தெருவிலும், பினாங்குத் தெருவிலும் நம்மவர் கடைகள் பெருகின. சீயக்காயும் சாம்பிராணியும் கஸ்தூரி மஞ்சளும் அங்கேயே கிடைத்தன. அப்புறம் மூட்டை திசை மாறியது. ஊருக்குத் திரும்பிப் போகிறவர் பெட்டியில் என்ன இருந்தது தெரியுமா? வாசனைச் சவர்க்காரம், முகப்பவுடர், கோடாலித் தைலம், புலித் தைலம். பினாங்கு நெடுங்காலம் வரியில்லாத் துறைமுகமாக இருந்ததால் இவை அங்கே மலிவு. 1969-இல் அந்தச் சலுகை போயிற்று. அதுவரை பெருநிலத் தோட்டத்து மக்கள் பட்டர்வொர்த் படகில் தீவுக்குப் போய் வாங்கி வருவார்கள். திரும்பும்போது சுங்கக்காரர் முன்னே பையைத் திறந்து காட்ட வேண்டும். பிரியப்பட்டு வாங்கிய பவுடர் டப்பாவை ஏற்கெனவே திறந்து பூசிக் கொண்டு வந்தால் அது பழைய பொருளாகி விடும் என்பது அக்காலத்துத் தந்திரம். ஒரு காலத்தில் சீயக்காயோடு வந்தவள், சவர்க்காரத்தோடு ஊருக்குப் போனாள். ஊரில் அதைப் பாதியாக அறுத்து அக்காளுக்கும் அண்ணிக்கும் கொடுத்த கதைகள் வீட்டுக்கு வீடு உண்டு.

ரஜூலா 1973-இல் தன் ஓட்டத்தை நிறுத்தியது. அதற்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அதோடு அந்தக் கப்பல் வழியும் முடிந்தது. இன்று நாம் போவது விமானத்தில், சில மணி நேரம். ஆனால் மூட்டையைப் பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகுதான் கைப்பையில் எண்ணெய், பற்பசை போன்றவை ஒவ்வொன்றும் நூறு மில்லிக்கு மேற்படாத புட்டியில் இருக்க வேண்டும் என்ற விதி பரவியது. சில விமான நிலையங்கள் புதிய கருவிகளை வைத்து இதைத் தளர்த்தியிருக்கின்றன, எல்லாம் அல்ல. பெரிய எண்ணெய்ப் புட்டியை ஏற்றுப் பெட்டியில் போடுங்கள். விமானம் உயரே போகும்போது காற்றழுத்தம் குறையும். புட்டிக்குள் அடைபட்ட காற்று விரிந்து எண்ணெயைக் கசிய விடும். பிளாஸ்டிக் புட்டியானால் சற்று அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடி, பையில் கட்டி, பழைய துணிக்குள் நிறுத்துங்கள். பாட்டி சொன்ன விதிதான். காரணம் மட்டும் வேறு.

2020-இல் கொரோனா வந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பதினான்கு நாள் தனித்து வைக்கப்பட்டனர். 'குவாரண்டீன்' என்ற சொல்லைப் பள்ளிப் பிள்ளைகளும் கற்றுக் கொண்டனர். எந்த வகுப்புச் சீட்டில் வந்தீர்கள் என்று அந்த முறை யாரும் கேட்டு விடவில்லை. சவர்க்காரம் போட்டு இருபது விநாடி கை கழுவு என்று உலகமே உலகத்துக்குச் சொன்னது.

ஜெரஜாக் தீவு பின்னர் காசநோய் மருத்துவமனைக்கு இடமாயிற்று. 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாகவும் இருந்தது. பிறையிலிருந்து பினாங்குப் பாலத்தில் தீவை நோக்கிப் போகும்போது இடது பக்கம் பாருங்கள். காடு மூடிய பச்சை மேடாகத் தெரியும்.