கியர் பெட்டியும் பத்தாண்டு உத்தரவாதமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



மகிழுந்து வாங்கச் செல்லும்போது நாம் நிறத்தைப் பார்க்கிறோம். மாதத் தவணையைக் கணக்கிடுகிறோம். கியர் பெட்டியைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலரே. ஆனால், உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு அந்தப் பெட்டி பழுதானால் பல மாதச் சேமிப்பு ஒரே நாளில் கரைந்துவிடும். அவ்வாறு பழுதாகும்போது செலவை ஏற்க வேண்டியவர் செய்தவரா, வாங்கியவரா? இக்கேள்விக்கு வரலாறு தந்த விடைகளுள் ஒன்றை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1958ஆம் ஆண்டு நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 'டாஃப் 600' என்னும் சிறிய மகிழுந்தை அறிமுகம் செய்தது. அதில் வழக்கமான பற்சக்கரங்களுக்கு மாறாக, இரண்டு கப்பிகளுக்கு இடையே ரப்பர் வார்ப்பட்டை ஓடியது. கப்பிகள் விரிந்தும் சுருங்கியும் வேகத்தைச் சீராக மாற்றின. ஓட்டுநர் கியர் மாற்ற வேண்டியதே இல்லை. இதனை வடிவமைத்தவர் அந்நிறுவனத்தை நிறுவிய ஹூப் வான் டோர்னே. இன்று சி.வி.டி. என நாம் அழைக்கும் கியர் பெட்டி, மகிழுந்துகளில் பெரிய அளவில் இடம்பெற்றது அப்போதுதான்.

ரப்பர் வார்ப்பட்டை சிறிய இயந்திரத்திற்கே ஏற்றது. அதனால் வான் டோர்னே பின்னாளில் எஃகு வார்ப்பட்டையை உருவாக்கினார். நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளை எஃகு வளையங்களில் கோத்த அமைப்பு அது. 1987இல் ஜப்பானின் சுபாரு நிறுவனம் தன் 'ஜஸ்டி' மகிழுந்தில் அதனைப் பொருத்தியது. இயந்திரம் எப்போதும் சிக்கனமான வேகத்தில் சுழல்வதால் எரிபொருள் மிச்சமாகும் என்பதே இதன் பெரும் கவர்ச்சி.

ஆனால், இவ்வமைப்பு முழுவதும் உராய்வையே நம்பியிருக்கிறது. எஃகுப் பட்டை கப்பியில் வழுக்காமல் இருக்க, எண்ணெயின் அழுத்தம் அதனை இறுகப் பிடிக்க வேண்டும். எண்ணெய் கெட்டாலோ, வெப்பம் மிகுந்தாலோ, அழுத்தம் குறைந்தாலோ பட்டை வழுக்கும். வழுக்கினால் கப்பியின் மேற்பரப்பு தேயும். முதலில் நடுக்கம், பிறகு விசைக்குறைவு, இறுதியில் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டிய நிலை. இது சாதாரணப் பட்டறையில் ஒரு பல்லை மாற்றிச் சரிசெய்யும் வேலையன்று.

இந்த நிலையில்தான் நிசான் நிறுவனத்தின் வரலாறு முக்கியமாகிறது. 2003ஆம் ஆண்டு மாடலான 'முரானோ' தொடங்கி, அமெரிக்காவில் விற்ற பல வண்டிகளில் அது சி.வி.டி.யைப் பொருத்தியது. அவற்றின் உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 60,000 மைல். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? பழுதுகளும் அவற்றின் செலவும் குறித்த கவலை பரவியது. 2009 இறுதி, 2010 தொடக்கக் காலத்தில் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சி.வி.டி. உத்தரவாதம் 10 ஆண்டு அல்லது 1,20,000 மைலாக உயர்த்தப்பட்டது. அதாவது, ஏறக்குறைய 1,93,000 கிலோமீட்டர். பழைய உறுதிமொழி அப்படியே இரு மடங்கானது.

இது வெறும் பெருந்தன்மையா? நான் அவ்வாறு கருதவில்லை. புதிய தொழில்நுட்பத்தை முதலில் வாங்குபவர், தாம் அறியாமலேயே அதன் சோதனையாளரும் ஆகிறார். உத்தரவாதத்தை நீட்டிப்பது, அச்சோதனையின் செலவில் ஒரு பங்கைத் தயாரித்தவரே ஏற்றுக்கொள்வதாகும். நீட்டிப்பு தேவைப்பட்டது என்பதே, முதலில் எழுதிய காலம் போதவில்லை என்பதற்குச் சான்று.

ஆனால், நீட்டிப்பு மட்டும் எப்போதும் போதாது. சீனாவில் வோல்க்ஸ்வேகன் நிறுவனம் தன் டி.எஸ்.ஜி. கியர் பெட்டிக்கு 2012இல் 10 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் வழங்கியது. டி.எஸ்.ஜி. என்பது இரட்டைக் கிளட்ச் கொண்ட வேறு வகைப் பெட்டி. ஓடும்போதே விசை அறுந்துபோகிறது என்னும் குறை 2013 மார்ச் 15ஆம் நாள் அரசுத் தொலைக்காட்சியில் வெளியானது. சில நாள்களிலேயே 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. வேறுபாட்டைக் கவனியுங்கள். உத்தரவாதம், வண்டி பழுதாகும் வரை காத்திருக்கும். திரும்ப அழைத்தல், பழுதாகும் முன்பே சரிசெய்யும். உயிருக்கு ஆபத்துள்ள குறைக்கு இரண்டாவதே முறை.

நம் மலேசியாவிலும் இவ்வரலாற்றின் கிளை ஒன்று உண்டு. பெல்ஜியத்தில் டாஃப் தொடங்கிய தொழிற்சாலை, கைகள் பல மாறிப் பஞ்ச் பவர்டிரெயின் என்னும் நிறுவனமாயிற்று. 2011இல் வந்த 'புரோட்டோன் சாகா எஃப்.எல்.எக்ஸ்.' அதன் சி.வி.டி.யைக் கொண்டிருந்தது. 2019இல் வந்த சாகாவில், பற்சக்கரங்களால் இயங்கும் நான்கு வேகத் தானியங்கிப் பெட்டி மீண்டும் இடம்பெற்றது.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள் ஏற்கத்தக்க தரமும் உழைப்பும் உடையதாக இருக்க வேண்டும் என்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கோரக்கூடிய தொகை 2019இல் 25,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல், பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்திற்குள் தெரியும் குறை, பொதுவாகத் தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும்.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நிறுவனம் தானாக நீட்டிக்கும் உத்தரவாதம் வேறு. விற்பனையின்போது பணம் வாங்கிக்கொண்டு தரும் கூடுதல் உத்தரவாதம் வேறு. இரண்டாவதில் கியர் பெட்டியின் எந்தெந்த உறுப்பு அடங்கும், உச்சவரம்பு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கியர் எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு ரசீதையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். நடுக்கம் தெரிந்த அன்றே பதிவு செய்யுங்கள். உத்தரவாதம் என்பது காகிதத்தில் வாழ்வது. அதைக் கேட்டு வாங்கவும் காகிதமே வேண்டும்.