செப்புத் தகட்டில் தமிழகம்: டேனியல்களின் அக்வாடிண்ட் படங்கள்

அக்வாடிண்ட் என்பது செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து, அதில் மை தடவித் தாளில் படம் எடுக்கும் அச்சுமுறை. கோடுகளை மட்டும் நம்பாமல், வெளிர் சாம்பலிலிருந்து அடர் கருப்பு வரையிலான சாயல்களால் படத்தை உருவாக்குவது இதன் தனித்தன்மை. புகைப்படம் அறிமுகமாவதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, தஞ்சைப் பெரிய கோயிலையும் திருச்சி மலைக்கோட்டையையும் ஐரோப்பியர் தம் வீட்டிலிருந்தபடி பார்த்தது இந்த அச்சுப் படங்களில்தான். அவற்றை உருவாக்கியவர்கள் தாமஸ் டேனியல் (1749–1840), அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் (1769–1837) என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள்.

நான் வரலாற்று ஆசிரியராக இருந்த காலத்தில் இந்த மலைக்கோட்டைப் படத்தை வகுப்பில் காட்டினால், "அப்பவே கேமரா இருந்துச்சா சார்?" என்று ஒரு மாணவனாவது கேட்பான். பல நூல்களில் இப்படத்தின் கீழே 'பழைய படம்' என்று மட்டுமே இருக்கும். வரைந்தவர் பெயரோ, அச்சிட்ட முறையோ இராது. அந்த மாணவனின் கேள்வி தவறானதல்ல. அதற்கு விடை சொல்ல, முதலில் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடி அண்ணாமலையிலிருந்து பார்த்தால் காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இருக்கும். மலை முழுவதும் ஒரே நீலச் சாம்பல் திட்டாகத் தெரியும். மாலை வெயில் விழும்போதுதான் பாறை மடிப்புகள் பிரிந்து தெரியும். இந்தக் காலை மலையைக் கோடுகளால் காட்டுவது கடினம். நீர்வண்ணம் தோய்த்த தூரிகை ஒரே வீச்சில் காட்டிவிடும். அந்தத் தூரிகை வீச்சை அச்சில் கொண்டுவரும் வழிதான் அக்வாடிண்ட்.

மெருகேற்றிய செப்புத் தகட்டின் மீது பைன் மரப் பிசினின் நுண்ணிய தூளைப் படியவிட்டு, அடியில் சூடு காட்டுவார்கள். தூள் இளகித் தகட்டில் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடங்களை வார்னிஷால் மூடிவிட்டுத் தகட்டை அமிலத்தில் இடுவார்கள். பிசின் துகள்களுக்கு இடையே உள்ள செம்பு மட்டும் அரிபடும். சிறிது நேரத்தில் எடுத்து, வெளிர் சாயல் போதும் என்ற இடங்களையும் மூடி, மீண்டும் அமிலத்தில் இடுவார்கள். அதிக நேரம் அரிபட்ட இடம் அதிக மையைப் பிடிக்கும், கருமையாக அச்சாகும். ஓரிரு நிமிடம் தவறினாலும் வானம் கறுத்துவிடும். செம்பில் அதைத் திருத்துவது பெரும்பாடு. பிசினைச் சாராயத்தில் கரைத்து ஊற்றிக் காயவிடும் மற்றொரு வழியும் உண்டு.

பிரான்சில் லெ பிரான்ஸ் என்ற ஓவியர் 1768-ஐ ஒட்டி இம்முறையைச் செம்மைப்படுத்தினார். இங்கிலாந்தில் பால் சாண்ட்பி 1775-இல் வேல்ஸ் நாட்டுக் காட்சிகளை இம்முறையில் வெளியிட்டு, அக்வாடிண்ட் என்ற பெயரையும் வழக்கில் கொண்டுவந்தார்.

டேனியல்கள் 1786-இல் கல்கத்தா வந்தனர். அந்நகரின் 12 காட்சிகளை 1788-க்குள் அங்கேயே அச்சிட்டு முடித்தனர். அதற்குள் தாமஸ் களைத்துப்போனார். ஓவியன், செதுக்குபவன், செப்பு வேலைக்காரன், அச்சடிப்பவன், எடுபிடி எல்லாமே தானாக இருக்க வேண்டியிருந்தது என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

வட இந்தியப் பயணத்தை முடித்து 1792 மார்ச்சில் சென்னைக்கு வந்தபோது காலம் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. திருவண்ணாமலைக்கு மேற்கே, செங்கம் கணவாய்க்கு அப்பால் உள்ள பாராமகால் பகுதியைத் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்திருந்தார். போர்ச் செய்திகளில் படித்த மலைக்கோட்டைகளைப் படமாகப் பார்க்க லண்டனில் ஆவல் இருந்தது. ஆகவே ராயக்கோட்டை, ஜெகதேவி, வீரபத்திர துர்க்கம் போன்றவை இவர்களுடைய தொகுப்பில் இடம்பெற்றதில் வியப்பில்லை. வாங்குவோரின் விருப்பமும் வழியைத் தீர்மானித்தது என்பதை மறக்கக் கூடாது. பின்னர் திருச்சி, மதுரை, பாபநாசம், ராமேஸ்வரம், தஞ்சை எனச் சுற்றி 1793 தொடக்கத்தில் சென்னை திரும்பினர்.

பயணத்தில் அவர்கள் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று காமிரா அப்ஸ்குரா. லென்ஸ் வழியாக எதிரே உள்ள காட்சியைத் தாளில் விழச்செய்யும் இருட்டுப் பெட்டி அது. விழும் பிம்பத்தின் மீது பென்சிலை ஓட்டலாம். ஆக, என் மாணவனுக்கு விடை: கேமரா இருந்தது, பிம்பத்தைத் தானாகப் பதிக்கும் வழிதான் இல்லை.

1794-இல் நாடு திரும்பியபின், 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக 144 படங்களை 'ஓரியண்டல் சீனரி' என்ற தொகுப்பாக வெளியிட்டனர். அச்சான தாள்களுக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. முழுத் தொகுப்பின் விலை 210 பவுன். செல்வந்தர் மட்டுமே வாங்க முடிந்த தொகை.

இவை எந்த அளவுக்கு வரலாற்றுச் சான்று? மதுரைப் படங்களை எடுத்துக்கொள்வோம். ஆளுநர் நேப்பியரின் காலத்தில் (1866–72) சீரமைக்கப்படுவதற்கு முன் திருமலை நாயக்கர் மகால் எந்த அளவு சிதைந்திருந்தது என்பதை இவற்றில் காணலாம். பிற்காலத்தில் தையல்காரர்களும் கடைகளும் நிறைந்த புதுமண்டபத்தின் உட்புறமும் இத்தொகுப்பில் உண்டு. லின்னேயஸ் டிரைப் மதுரையைப் புகைப்படம் எடுத்தது 1858-இல்தான். அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய நிலைக்கு இப்படங்களைப் போன்ற சான்று மிக அரிது. கட்டடங்களின் அமைப்பு, தூண்களின் அளவு ஆகியவற்றில் இவர்களை நம்பலாம் என்பது என் கருத்து. வண்ணத்தை அப்படி நம்ப இயலாது. இங்கே பென்சிலில் வரைந்ததைப் பல ஆண்டுகள் கழித்து லண்டனில் தகட்டில் ஏற்றினார்கள். மேகங்களும் மனித உருவங்களும் காட்சிக்கு ஏற்ப அமைக்கக்கூடியவை. தஞ்சைக் கோபுரத்தின் மேலுள்ள வானத்தை வைத்து அன்றைய வானிலையைச் சொல்ல முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சும், பின்னர் புகைப்படமும் வந்து ஊர்க்காட்சிகளை அச்சிடும் தொழிலிலிருந்து அக்வாடிண்டை விலக்கின. ஓவியர்களின் பட்டறைகளில் அது இன்றும் உள்ளது.

டேனியல் படங்களின் பெருந்தொகுதி கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ளது. இணையத்தில் பெரிய அளவில் கிடைக்கும் படி ஒன்றைத் திறந்து, வானப் பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். வண்ணத்துக்கு அடியில் வலைபோன்ற நுண்ணிய புள்ளிகள் தெரியும். பிசின் ஒட்டியிருந்த தடம் அது.