தொட்டுப் பார்க்கும் ஆசை



கடந்த பங்குனி மாதப் பள்ளி விடுமுறையில் என் மகளின் மகளை ஹேர்மன் பூங்காவில் உள்ள ஹூஸ்டன் மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு ஏழு வயது. ஒட்டகச்சிவிங்கிக்குத் தன் கையால் சலாது இலை கொடுக்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேடையில் வரிசையாக நின்றோம். அவளுடைய முறை வந்தபோது அந்தப் பெரிய தலை கீழே இறங்கியது. கறுத்த நீல நிற நாக்கை நீட்டி இலையைச் சுருட்டி எடுத்தது. பிள்ளை சிரித்த சிரிப்பைச் சொல்லி முடியாது.

திரும்பி வரும்போது மகாத்மா காந்தி மாவட்டத்தில் இறங்கி மரக்கறி வாங்கிக்கொண்டு ஒரு கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். ஹில்குரோஃப்ட் வீதிப் பகுதிக்கு ஹூஸ்டன் மாநகரம் 2010 இல் வைத்த பெயர் அது. எங்கள் வீட்டுக்கு மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் வருவது அங்கிருந்துதான். அந்தக் கடையில் இருந்துகொண்டு பேத்தி கேட்டாள்: "அம்மம்மா, அதுக்கு உண்மையாவே பசிச்சதா? இல்லாட்டி நாங்கள் வரிசையிலே நிண்டதாலே சாப்பிட்டதா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. வரும் ஆடி மாதம் மகள் குடும்பம் இலங்கைக்குப் போகிறது. பின்னவலவில் குட்டி யானையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறாள். போகலாமா, வேண்டாமா என்று மகள் என்னிடம் கேட்டிருந்தாள். இந்த மாதப் பேச்சு அந்த இரண்டு கேள்விகளிலிருந்தும் பிறந்தது.

தெகிவளையில் ஒரு மாலை

1972 இல் எனக்குப் பத்து வயது. அப்பா எங்களை யாழ்தேவியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனார். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் மாலையில் யானை நடனம் நடக்கும். யானைகள் காலைத் தூக்கின, வட்டமாகச் சுற்றின, தும்பிக்கையால் வணக்கம் சொன்னன. நாங்கள் கைதட்டினோம். யானைகளும் எங்களைப் போல விளையாடுகின்றன என்றே நினைத்தேன்.

அந்த இடத்தின் கதையைப் பின்னாளில்தான் படித்தேன். அதைத் தொடங்கியவர் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மானியர். அவருடைய குடும்பம் ஹம்பேர்க் நகரில் மிருக வியாபாரம் செய்தது. அண்ணன் கார்ல் ஹாகன்பெக் உலகம் முழுவதிலும் இருந்து மிருகங்களைப் பிடிப்பித்து, ஐரோப்பாவின் காட்சிச்சாலைகளுக்கும் சர்க்கஸ்காரருக்கும் விற்றவர். கம்பிகளுக்குப் பதிலாக அகழி வெட்டி மிருகங்களைத் திறந்த வெளியில் காட்டும் பூங்காவை 1907 இல் ஹம்பேர்க்கில் திறந்தவரும் அவரே. தம்பி ஜோன் கொழும்பில் குடியேறினார். ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டிய மிருகங்களைத் தங்கவைக்கும் இடமாகவே தெகிவளை இருந்தது. அவருடைய நிறுவனம் நொடித்துப்போக, 1936 இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது.

இதில் எங்கள் மனதைத் தைக்கும் செய்தி ஒன்றும் உண்டு. 1880களில் ஹாகன்பெக் குடும்பம் இலங்கையிலிருந்து யானைகளை மட்டும் கொண்டுபோகவில்லை. இலங்கையரையும் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றியது. ஆடுவோர், பாம்பாட்டிகள், கைவினைஞர், தாய்மார், குழந்தைகள் என எல்லோரும் ஐரோப்பிய நகரங்களின் காட்சிச்சாலைகளில் யானைகளுக்குப் பக்கத்தில் குடிசை போட்டு வாழ்ந்து காட்டினார்கள். நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் வந்து பார்த்தார்கள்.

சவாரியும் தேநீர் விருந்தும்

மிருகத்தோடு நெருங்கிப் பழகுவது பார்வையாளருக்கு விற்கக்கூடிய ஒன்று என்பதை லண்டன் முன்னரே கண்டுகொண்டிருந்தது. 1865 இல் லண்டன் காட்சிச்சாலைக்கு வந்த ஜம்போ என்ற ஆபிரிக்க யானை ஆயிரக்கணக்கான பிள்ளைகளை முதுகில் சுமந்தது. பகலில் சாந்தமான அந்த யானை, இரவில் தன் கொட்டிலை இடித்து நொறுக்கியதாகப் பராமரிப்பாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அது வளர வளர நிர்வாகத்துக்குப் பயம் பிடித்தது. 1882 இல் அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னமுக்கு விற்றுவிட்டார்கள். 1885 இல் கனடாவின் ஒன்ராறியோவில் புகையிரதம் மோதி ஜம்போ இறந்தது.

1926 முதல் 1972 வரை அதே லண்டனில் சிம்பன்சிகளுக்கு மேசை போட்டுத் தேநீர் விருந்து வைத்து வேடிக்கை காட்டினார்கள். 1938 இல் லண்டனிலும் இங்கே பிலடெல்பியாவிலும் பிள்ளைகளுக்கென்றே தனிக் காட்சிச்சாலைகள் திறக்கப்பட்டன. நகரத்துப் பிள்ளை ஆட்டுக்குட்டியைத் தடவிப் பார்க்கட்டும், மிருகங்களிடம் அன்பு வளரட்டும் என்பது நோக்கம். அது கெட்ட நோக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆட்டுக்கும் கோழிக்கும் நடுவில் வளர்ந்த எங்களுக்கு அதன் அருமை தெரியும். மாடிக் குடியிருப்பில் வளரும் எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு எங்கே?

கை ஏன் பின்வாங்கியது?

பிறகு மூன்று காரணங்கள் வந்தன.

முதலாவது நோய். 2000 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் ஒரு பாற்பண்ணையைப் பார்க்கப் போனவர்களில் 51 பேருக்கு ஈ.கோலை கிருமித் தொற்று ஏற்பட்டது. பெரும்பாலானோர் சிறுபிள்ளைகள். மாட்டைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட்டதே முக்கிய வழி. அதன் பிறகுதான் கைகழுவும் இடம், மிருகங்கள் இருக்கும் பகுதியில் உணவு உண்ணத் தடை போன்ற வழிகாட்டல்கள் இந்த நாட்டில் வந்தன.

இரண்டாவது ஆபத்து. யானையோடு ஒரே வெளியில் நின்று வேலை செய்த பராமரிப்பாளர்கள் பலர் பல நாடுகளில் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மிருகக்காட்சிச்சாலைகளின் சங்கம் 2011 இல் ஒரு முடிவெடுத்தது. 2014 க்குள் அதன் உறுப்பினர்கள் யானைக்கும் பராமரிப்பாளருக்கும் இடையில் தடுப்பு வைத்தே பெரும்பாலான வேலைகளைச் செய்ய வேண்டும் என்றது. நாள்தோறும் பழகிய பராமரிப்பாளருக்கே தடுப்பு தேவை என்றால், சீட்டு வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் வருபவரின் நிலை என்ன? எங்கள் மாநிலத்திலேயே, 2024 ஆனியில், கிளென் ரோஸ் ஊருக்கருகில் உள்ள ஃபொசில் ரிம் வனவிலங்கு மையத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கி உணவுப் பையைக் கவ்வும்போது, திறந்த வண்டியின் பின்பகுதியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. நல்லகாலம், குழந்தைக்குக் காயமில்லை. அதன் பிறகு வண்டியின் பின்பகுதியில் ஆட்கள் இருக்க அங்கே அனுமதியில்லை. ஒட்டகச்சிவிங்கி பிள்ளையைப் பிடிக்கவில்லை, இரையைப் பிடித்தது. ஆனால் அதற்கு இரண்டும் ஒன்றாகவே வந்தன.

மூன்றாவது, மிருகத்தின் நியாயம். புலிக்குட்டியை மடியில் வைத்துப் படமெடுக்கும் வியாபாரம் இந்த நாட்டில் பல ஆண்டுகள் நடந்தது. குட்டி மடியில் அடங்கியிருப்பது சில வாரங்கள்தான். அதற்காகப் பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரிப்பார்கள். வளர்ந்துவிட்டால் வருமானமில்லை, செலவு மட்டும்தான். அப்படி வேண்டாதவையாகிப்போன புலிகள் யார் யார் கைக்கோ போயின. ஹூஸ்டனிலும் அதைக் கண்டோம். 2019 இல் ஆளில்லாத ஒரு வீட்டில் கூண்டுக்குள் ஒரு புலி கிடந்தது. 2021 வைகாசியில் நகரின் மேற்குப் பக்கத்தில் வீட்டு முற்றத்தில் ஒரு புலி உலாவி, ஊரே கதிகலங்கியது. ஒன்பது மாதமான அந்தப் புலிக்கு வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? 'இந்தியா'! ஒரு வாரத்துக்குள் மீட்டு, மேர்ச்சிசன் என்ற ஊரில் உள்ள மிருகப் புகலிடத்துக்கு அனுப்பினார்கள். 2022 மார்கழியில் கையெழுத்தான மத்திய சட்டம், புலி, சிங்கம் போன்றவற்றைப் பொதுமக்கள் தொடுவதைத் தடைசெய்தது.

இந்தியாவில் இந்தக் கோடு இன்னும் முன்னரே போடப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991 இல் செய்த திருத்தப்படி, காட்சிச்சாலை மிருகத்தைச் சீண்டுவது மட்டுமல்ல, அதற்குப் பார்வையாளர் உணவு கொடுப்பதும் குற்றம். வண்டலூரில் எங்கள் உறவினர் வேர்க்கடலைப் பையோடு போய்த் திட்டு வாங்கியது இதனால்தான்.

இரண்டு இல்லங்கள்

இப்போது பின்னவலவுக்கு வருகிறேன். தாயை இழந்த யானைக்குட்டிகளைக் காப்பாற்ற 1975 இல் வனசீவராசிகள் திணைக்களம் அங்கே ஐந்து குட்டிகளோடு இல்லத்தைத் தொடங்கியது. கேகாலைக்கு அருகில், மகா ஓயாக் கரையில், ஒரு தென்னந்தோட்டம். 1978 இல் அது தேசிய மிருகக்காட்சிச்சாலையின் பொறுப்பில் வந்தது. 1984 இல் முதற் குட்டி அங்கேயே பிறந்தது. காலப்போக்கில் உலகின் மிகப் பெரிய வளர்ப்பு யானைக் கூட்டங்களில் ஒன்றாக வளர்ந்தது. போத்தலில் பால் கொடுக்கலாம், ஆற்றில் குளிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்பதால் உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வந்தார்கள்.

சமாதான காலத்தில், 2004 இல், நானும் போனேன். அங்கேதான் சாமா என்ற யானையைப் பார்த்தேன். மிதிவெடியில் முன்னங்கால் ஒன்றின் பாதத்தை இழந்த யானை. மற்ற யானைகள் ஆற்றுக்குப் போக, அது நொண்டி நொண்டி நடந்தது. எங்கள் ஊரில் மிதிவெடியில் கால் இழந்த எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு படம் எடுத்தேன். அதை இன்றும் வைத்திருக்கிறேன், யாருக்கும் காட்டியதில்லை.

பின்னவல அந்த யானைக்கு உயிர் கொடுத்தது. அதை மறக்கக்கூடாது. ஆனால் மனிதக் கையில் பாலும் பழமும் வாங்கி வளர்ந்த யானைக்குக் காட்டுக்குத் திரும்ப வழியில்லை.

அதே நாட்டில் இன்னொரு இல்லமும் உண்டு. உடவளவையில் 1995 இல் அதே திணைக்களம் தொடங்கிய யானைகள் இடைத்தங்கல் இல்லம். அங்கேயும் அநாதைக் குட்டிகள்தான், அங்கேயும் பால்தான். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை புனல் வைத்த குழாயால் கொடுக்கிறார்கள். ஆனால் பார்வையாளர் தள்ளி மேடையில் நிற்க வேண்டும். தொடக்கூடாது, தீனி கொடுக்கக்கூடாது. மனிதரோடு ஒட்டவிடாமல் வளர்த்து, சில ஆண்டுகளில் கூட்டாகக் காட்டில் விடுகிறார்கள். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் அப்படித் திரும்பிப் போயிருக்கின்றன. சில பின்னர் காட்டிலேயே குட்டியும் ஈன்றிருக்கின்றன.

இடைத்தங்கல் என்ற சொல் எங்களுக்குப் புதியதல்ல. நாங்களும் அப்படிப்பட்ட இடங்களில் இருந்தவர்கள். 1985 இல் படகேறி இராமேஸ்வரம் கரையில் இறங்கினோம். பிறகு ஒரு முகாம். நல்ல மனதோடு பலர் வந்தார்கள். உடுப்பும் பிஸ்கற்றும் தந்தார்கள். அந்த உதவி இல்லாவிட்டால் நாங்கள் இல்லை. ஒருநாள் வந்த ஓர் அம்மா, இரண்டு வயதான என் மகளைத் தூக்கி மடியில் வைத்துப் படமெடுத்தார். மகள் அழவில்லை. பிஸ்கற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். "எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் பாருங்கோ" என்றார் அந்த அம்மா. மகளுக்கு அப்போது காய்ச்சல். நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்தமுறை வரமாட்டார்களோ என்ற பயம்.

அழாமல் இருப்பது விருப்பம் ஆகாது என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எல்லாத் தொடுகையும் ஒன்றல்ல

அதற்காகத் தொடுவதே பாவம் என்று சொல்ல வரவில்லை. ஹூஸ்டன் காட்சிச்சாலையில் 2008 இல் மாக் என்ற இரண்டு வயதுக் குட்டி யானை, யானைகளைத் தாக்கும் ஹெர்பீஸ் வைரசால் இறந்தது. இந்த நோய் வந்தால் குட்டிகள் சில நாட்களிலேயே இறந்துவிடும். அதன் பிறகு காட்சிச்சாலையும் பேலர் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து ஆராய்ந்தன. 2010 இல் பிறந்த குட்டிக்குப் பேலர் என்றே பெயர் வைத்தார்கள். காதை நீட்டு, காலைத் தூக்கு என்று பழக்கி, தடுப்புக்கு அப்பால் நின்று யானைகளிடம் தவறாமல் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 2024 ஆனியில், டெஸ் என்ற 40 வயது யானைக்கு இந்த நோய்க்கான முதலாவது எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசி போடப்பட்டது. இலங்கைக் காட்டு யானைக்குட்டிக்கும் ஒருநாள் உதவக்கூடிய வேலை இது. அந்தத் தொடுகை யானைக்காக நடந்தது.

ஆகவே, நேயர்களே, பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது மூன்று விடயங்களைப் பாருங்கள். மிருகம் விரும்பாவிட்டால் விலகிப் போக இடம் இருக்கிறதா? குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத்தான் இந்தக் காட்சி நடக்கிறதா? சீட்டு நேரம் முடிந்த பின் அந்த மிருகத்தின் வாழ்க்கை என்ன? கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது நாலாவது.

பேத்திக்குப் பதில் சொன்னேன். அந்த ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் பெரிய வெளி இருந்தது, அங்கே நின்ற இன்னும் இரண்டு எங்களிடம் வரவேயில்லை. வந்தது தானாக வந்தது. பசித்ததா என்று எனக்குத் தெரியாது, ஆனால் வராமல் இருக்க அதற்கு முடிந்தது என்றேன். பிறகு பின்னவலவையும் உடவளவையையும் பற்றிச் சொன்னேன். தாயின் காய்ச்சலையும் சொன்னேன். அதை மகளே அன்றுதான் முதன்முறை கேட்டாள்.

பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தாள். நாட்காட்டியை எடுத்து, பின்னவல என்றிருந்ததைக் கோடிட்டு, உடவளவை என்று எழுதினாள். "தூர நிண்டாலும் தெரியுமா அம்மம்மா?" என்று கேட்டாள்.

"தெரியும். தாத்தாவின்ரை தூரநோக்கியைத் தாறன்" என்றேன்.