பழைய தையல் மிஷின் நம்ம திண்ணைக்கு வந்த கதை

கடன் பதிவேட்டில் "தையல் மிஷின் வாங்க" என்று எழுதாத குழு நம்மிடம் இருக்காது. ஆனா அப்படி வாங்கினதுல பாதி புதுசு இல்லை, நாலு கை மாறி வந்தது. அந்தப் பழைய மிஷின் வந்த வழியை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1846ல் எலியாஸ் ஹோவ் என்பவரும், 1851ல் ஐசக் சிங்கரும் தையல் மிஷினுக்கு காப்புரிமை வாங்கினார்கள். சாதாரணக் குடும்பம் அதை வாங்க முடியாத விலை. அதனால் 1856ல் சிங்கர் கம்பெனி தவணை முறையைக் கொண்டுவந்தது. பழைய மிஷினைக் கொடுத்தால் புதுசுக்கு விலையும் குறைத்தார்கள். வாங்கின பழசை என்ன செய்தார்கள் தெரியுமா? உடைத்துப் போட்டார்கள்! பழசு கைமாறினால் புதுசு விற்காதே. இதைக் கேட்டப்போ எனக்கு வயிறெரிஞ்சது.

அந்தக் கம்பெனி 1880களில் ஸ்காட்லாந்து நாட்டு கிளைட்பேங்கில் பெரிய தொழிற்சாலை கட்டியது. நம்ம பக்கம் இருக்கும் பழைய கறுப்பு சிங்கரில் பல அங்கே செய்தவைதான். யந்திரங்களை அதிகம் விரும்பாத காந்தியடிகளே 1924ல் பேசும்போது சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு கொடுத்தார். 1930களில் கல்கத்தாவில் உஷா மிஷின் தயாரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு லூதியானாவில் மிஷினும் உதிரி பாகமும் செய்யும் பட்டறைகள் பெருகின. இது நமக்கு ரொம்ப முக்கியம். பாட்டி காலத்து மிஷினுக்கும் இன்னைக்கு பாபின் கேஸ், ஷட்டில் கடையில கிடைக்குதுன்னா அதனாலதான்.

எங்க ஊர்ல முதல்ல மிஷின் வச்சிருந்தது ஆம்பளை டெய்லருங்க. புதுசு அவங்க கடைக்குப் போச்சு. அவங்க மாத்தினப்போ பழசு பொம்பளைங்க கைக்கு வந்தது. எங்க அம்மிச்சி அப்படித்தான் ஒரு சிங்கரை வாங்கினாங்க. கறவை மாட்டுப் பால் காசு, சீட்டுக் காசு சேர்த்து வச்சு கொடுத்தாங்க. வீட்டுல "இந்தத் துருப்பிடிச்ச இரும்புக்கா?"ன்னு ஒரு வாரம் பேச்சு. அந்த இரும்புலதான் ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைச்சாங்க.

1980களுக்குப் பிறகு திருப்பூர் பனியன் ஏற்றுமதி வளர்ந்தது. கம்பெனிகள் மிஷின் மாத்த மாத்த, பழைய பவர் மிஷினும் ஓவர்லாக்கும் விலைக்கு வந்தது. மலிவா இருக்குன்னு உடனே தூக்கிட்டு வந்துடாதீங்க. மோட்டார் த்ரீ பேஸா, சிங்கிள் பேஸான்னு கேளுங்க. சிங்கிள் பேஸ் வீட்டு லைனில் த்ரீ பேஸ் மோட்டார் அப்படியே ஓடாது. பழைய கிளட்ச் மோட்டார் நாம தைக்காம சும்மா உட்கார்ந்திருந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும், கரண்ட் பில் ஏறும். சர்வோ மோட்டார் மிதிச்சா மட்டும்தான் சுத்தும்.

காலால் மிதிக்கும் மிஷின்னா சக்கரத்தைக் கையால மெதுவா சுத்திப் பாருங்க, எங்கயும் தட்டக்கூடாது. துணியை இழுக்கிற பல் மழுங்கியிருக்கான்னு விரலை வச்சுப் பார்க்கணும். நாலு மடிப்பு துணி வச்சுத் தைச்சு, அடித்தையலையும் திருப்பிப் பாருங்க. வெறும் இறுக்கமா இருந்தா பயப்பட வேண்டாம். யாராவது தேங்காய் எண்ணெய் விட்டு அது பிசினா உறைஞ்சிருக்கும், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினா விட்டுடும். உடல் பாகம் விரிசல் விட்டிருந்தா மட்டும் வேண்டவே வேண்டாம், வார்ப்பிரும்பு சுலபமா ஒட்டாது.

1989ல் தர்மபுரி மாவட்டத்தில் நம்ம மாநிலத்தின் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1997-98ல் மகளிர் திட்டம் வந்தது. அதுக்கு முன்னாடி மிஷின் வாங்கணும்னா நகையை அடகு வைக்கணும், இல்லேன்னா வட்டிக்காரர்கிட்ட நிக்கணும். இப்ப குழுக் கடன்ல வாங்குறோம். பழசுதானேன்னு ரசீது வாங்காம விடாதீங்க. வெள்ளைத்தாளா இருந்தாலும் விற்றவர் கையெழுத்தும், வாங்கினவங்க பேரா உங்க பேரும், மிஷின் நம்பரும் இருக்கட்டும். வீட்டுல யாரும் உங்களைக் கேட்காம அதை விற்கவோ அடகு வைக்கவோ வந்தா, அந்தத் தாள்தான் பேசும்.

சிங்கர்னா அந்த நம்பரை இன்னொண்ணுக்காகவும் பாருங்க. முன்னால் ஆங்கில எழுத்து இருந்தா அது 1900க்குப் பிறகு செய்தது. எங்க அம்மிச்சி மிஷின் நம்பர் 'ஒய்'யில் ஆரம்பிக்குது, அதாவது 1920, 30களில் கிளைட்பேங்கில் செய்தது. அந்தத் தொழிற்சாலையை 1980ல் மூடிட்டாங்க. மிஷின் இப்ப என் தங்கச்சி வீட்டுல பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்குது.