முந்தி வந்த குரல்

ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய பாடல்கள், அவற்றைப் பிறர் பாடிய பதிவுகள், பிறருக்காக அவர் வாசித்த கிடார் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் கொண்டுவர முயன்றேன். முதலில் குழப்பியவை பெயர்கள். கிரீம் குழுவின் 1969ஆம் ஆண்டு ‘பேட்ஜ்’ பாடலில் கிடார் வாசித்தவராக இசைத்தட்டின் உறை சொல்வது ‘லாஞ்செலோ மிஸ்டீரியோசோ’ என்பவரை. அவர் ஹாரிசன்தான். எரிக் கிளாப்டனோடு சேர்ந்து அந்தப் பாட்டை எழுதியவரும் அவரே. கேரி ரைட்டின் 1971 தட்டில் ஜார்ஜ் ஓஹாரா, ஸ்ப்ளின்டரின் 1974 தட்டில் ஹரி ஜார்ஜ்சன். வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ளவர் மாற்றுப்பெயரில் வாசிப்பது அன்று வழக்கம். உறைகளை ஒப்பிட்டால் இந்த முடிச்சுகள் அவிழ்ந்துவிடும்.

ஹாரிசன் எழுதிய ‘மை ஸ்வீட் லார்ட்’ பாடலின் முடிச்சு அப்படி அவிழவில்லை. பில்லி பிரெஸ்டன் பாடியதைக் கவர் என்றுதான் நானும் குறித்து வைத்திருந்தேன். தேதிகளை அடுக்கியதும் வரிசை தலைகீழானது. அந்தப் பாடல் உள்ள பிரெஸ்டனின் ‘என்கரேஜிங் வேர்ட்ஸ்’ தட்டு பிரிட்டனில் வெளியானது 1970 செப்டம்பரில். அதே பாடல் உள்ள ஹாரிசனின் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ தட்டு வந்ததோ நவம்பர் இறுதியில். எழுதியவர் தன் குரலில் தருவதற்கு முன்பே நண்பர் பாடிவிட்டார்!

பாட்டு பிறந்த கதை, யாரும் எதிர்பார்க்காத ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறது: 1976இல் நீதிபதி ரிச்சர்ட் ஓவன் அளித்த தீர்ப்பில். சிஃபான்ஸ் குழு 1962இல் பாடிய ‘ஹீஸ் சோ ஃபைன்’ மெட்டை ஹாரிசன் தன்னையறியாமல் எடுத்தாண்டார் என்பது தீர்ப்பு. ஓவன் இரு மெட்டுகளையும் சுரம் சுரமாகப் பிரிக்கிறார். நம் சுரங்களில் சொன்னால் முதல் துணுக்கு ப க ரி. இரண்டாவது ப த ஸ த ஸ. மோகனம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஐந்து சுரமும் பழக்கமானவை. இரண்டாவது துணுக்கு மறுபடி வரும்போது ஒரு சின்ன ரிஷபம் உரசிச் செல்கிறது: ப த ஸ த ரி ஸ. இரண்டு பாட்டிலும் அதே இடத்தில்.

கோபன்ஹேகனில் ஹாரிசனுக்கு முளைத்த யோசனை, சுமார் ஒரு வாரத்தில் லண்டனில் பிரெஸ்டனின் ஒலிப்பதிவுக்குப் போனதையும் தீர்ப்பு விவரிக்கிறது. அங்கே ஹாரிசன் வாசிக்கவில்லை, மேற்பார்வை பார்த்தார். அந்தப் பதிவிலிருந்து யாரோ எழுதியெடுத்த சுரத்தாள்தான் அமெரிக்கப் பதிப்புரிமை விண்ணப்பத்தோடு போனது. ரிஷபம் அதில் இருக்கிறது.

ஹாரிசன் பின்னர் தானே பாடியபோது அதை விட்டுவிட்டார். அதையடுத்து அச்சான சுரத்தாளிலும் அது இல்லை. சட்டப்படி இதற்கு முக்கியத்துவம் இல்லை என்று நீதிபதி ஒரே வரியில் கடந்துவிடுகிறார். என்னால் கடக்க முடியவில்லை. பாட்டு எந்த வாய்வழி வளர்ந்தது என்பதற்கு அந்த ஒற்றைச் சுரத்தைவிட நல்ல தடயம் எனக்குக் கிடைக்கவில்லை. அட்டவணையில் பிரெஸ்டனை முதல் வரிக்கு ஏற்றினேன். குறிப்புப் பத்தியில் ‘ரி உண்டு’ என்று எழுதினேன். அடுத்த வரி ஹாரிசன்: ‘ரி இல்லை’.