ட்ரோன் வழி இல்லப் பராமரிப்பு (தென்சென்னைப் புறநகர்)

முதியோர், படுத்த படுக்கையானோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தானியங்கி ட்ரோன் வழியாக வீட்டிலேயே உதவும் முறை. இந்தியாவில் இது பெரிதும் சோதனை நிலையிலேயே உள்ளது.

ஆய்வு: சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம், இன்று அண்ணா பல்கலைக்கழக வளாகம்) இப்பகுதி ட்ரோன் ஆய்வின் தாய்வீடு. இதன் ‘தக்‌ஷா’ அணி, நடிகர் அஜித்குமாரை ஆலோசகராகக் கொண்டு, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ‘மெடிக்கல் எக்ஸ்பிரஸ்’ போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. தொலைவில் தவிக்கும் நோயாளிக்கு மருத்துவ உதவி சேர்ப்பதே அப்போட்டியின் களம். 2021இல் தெலங்கானாவின் விகாராபாத்தில் மருந்தும் தடுப்பூசியும் வான்வழியே கொண்டுசெல்லும் சோதனை நடந்தது.

செயல்முறை: வெளியே ஜி.பி.எஸ். வழிகாட்டும், மொட்டைமாடிக்கு மேல் நின்றபடி கயிற்றில் மருந்துப் பையை இறக்கலாம். கான்கிரீட் கூரைக்குள் ஜி.பி.எஸ். சமிக்ஞை தளர்வதால், கேமராவும் லேசர் உணரியும் தேவை. மின்விசிறி, கொடிக்கயிறு, சுழலிகளின் இரைச்சல், சில பத்து நிமிடமே தாங்கும் பேட்டரி ஆகியவை தடைகள்.

சட்டம்: 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வான்பரப்பைச் சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்களாகப் பிரிக்கின்றன. மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகில் இருப்பதால், இங்கு பல இடங்களில் பறக்கவிட முன் அனுமதி வேண்டும்.

மதிப்பீடு: மருந்தை ட்ரோன் கொண்டுவரலாம், நோயாளியைத் தூக்கி உட்காரவைக்க மனிதக் கை வேண்டும். பராமரிப்பவரின் அலைச்சலைக் குறைப்பதே இதன் உண்மையான பயன்.