ஜாலான் புசாரின் போர்த்தெருக்களும் ஒரு குடுவை வெள்ளித்தூளும்

சிராங்கூன் சாலை நகைக்கடை ஒன்றில் பழைய மோதிரத்தைக் கழுவக் கொடுத்துப் பாருங்கள். ஊரில் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துத் தருவார்கள். இங்கே மேசை ஓரமாக ஒரு சின்ன எஃகுத் தொட்டி இருக்கும். மோதிரத்தை உள்ளே போட்டு விசையை அழுத்தினால் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் வேலைப்பாட்டின் இடுக்கில் இருந்த அழுக்கெல்லாம் புகை போலப் பிரிந்து வரும். மூக்குக்கண்ணாடிக் கடைகளிலும் இதே தொட்டிதான். உள்ளே தண்ணீரை உலுக்குவது நம் காதுக்கு எட்டாத மீயொலி.

இந்தத் தொட்டியின் அண்ணன் ஒருவன் ஆய்வுக்கூடங்களில் இருக்கிறான். நீரில் முக்கப்படும் டைட்டானியக் கம்பி ஒன்று, நொடிக்குச் சுமார் 20,000 தடவை அதிரும். உலோக நானோ துகள்களை நீரில் பிரித்துக் கலக்கி, அவை உயிரணுக்களுக்குக் கெடுதல் செய்யுமா என்று சோதிக்க அந்தக் கலவையை அனுப்புவது அதன் வேலை. சின்ன வேலைதான். ஆனால் அந்தச் சோதனையின் முடிவே இந்தச் சின்ன வேலையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதிலின் ஒரு பாதி ஜாலான் புசாரின் தெருப்பலகைகளில் இருக்கிறது.

மலாயில் ஜாலான் புசார் என்றால் பெரிய சாலை. அதைச் சுற்றியுள்ள தெருக்களின் பெயர்களைக் கவனியுங்கள்: கிட்சனர், பீட்டி, ஸ்டர்டீ, டிரிவிட், ஜெலிகோ, பெட்டேன், வெர்டன். முதல் உலகப்போர் முடிந்தபின் வைத்த பெயர்கள். பாதிப்பேர் கடற்படைக்காரர்கள். அந்தப் போரில் பிரிட்டனைப் பாடாய்ப் படுத்தியவை ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள். கிட்சனரே அதில்தான் போனார். 1916 ஜூனில், நீர்மூழ்கி ஒன்று போட்டுவிட்டுப் போன கண்ணிவெடியில் அவர் சென்ற ஹாம்ப்ஷயர் கப்பல் சிக்கியது. 1917இல் கடற்படைத் தலைமையில் இருந்த ஜெலிகோவுக்குத் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி ஒன்றே: தண்ணீருக்கு அடியில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரான்சில் பால் லாஞ்செவன் என்ற இயற்பியலாளர் ஒரு வழி கண்டார். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்பதை 1880இல் கண்டுபிடித்தவர்கள் கியூரி சகோதரர்கள். அவர்களில் பியேர் கியூரியின் மாணவர் இவர். மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும் அல்லவா? குவார்ட்ஸ் படிகத்தை எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்து, கடலுக்குள் மீயொலியை அனுப்பி, எதிரொலியைப் பிடித்தார். தூலோன் துறைமுகத்தில் பரிசோதித்தபோது அந்த ஒலிக்கற்றையில் சிக்கிய மீன்கள் செத்தன. கையை நீட்டியவர்களுக்கு வலித்தது. ஆக, கேட்காத ஒலி உயிரை என்ன செய்யும் என்ற கேள்வி முதல்நாளிலேயே பிறந்துவிட்டது.

அதே 1917இல் இங்கிலாந்தில் ரேலி பிரபு இன்னொரு கணக்கைப் போட்டார். கப்பல்களின் உந்துவிசிறிகள் ஏன் பொத்துப்போகின்றன? நீரில் உருவாகும் குமிழ்கள் சட்டென்று சுருங்கி உடையும்போது அந்தப் புள்ளியில் பிரம்மாண்டமான அழுத்தம் எழுகிறது என்று அவர் காட்டினார். மீயொலித் தொட்டியில் மோதிரத்தின் அழுக்கை உரிப்பதும் இந்தக் குமிழ்தான். உடையும் கணத்தில் குமிழுக்குள் வெப்பம் சுமார் 5,000 டிகிரியைத் தொடும் என்று பிற்கால வேதியியலாளர்கள் அளந்தார்கள்.

1927இல் அமெரிக்காவில் ராபர்ட் வுட், ஆல்ஃபிரட் லூமிஸ் இருவரும் இந்த ஒலியை ஆய்வுமேசைக்குக் கொண்டுவந்தார்கள். சிவப்பணுக்கள் சிதைந்தன, சின்ன மீன்களும் தவளைகளும் செத்தன. 1930களின் நடுவில் பெங்களூரில் நம் திருச்சிக்காரர் சி.வி. ராமன், நாகேந்திர நாத்துடன் சேர்ந்து, மீயொலி பாயும் திரவம் ஒளியை எப்படிச் சிதறடிக்கிறது என்று விளக்கினார். கேட்காத ஒலியைக் கண்ணால் பார்க்கும் வழி அது.

லாஞ்செவனின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. வெர்டன் போரின் நாயகனாகப் புகழப்பட்ட பெட்டேன், 1940இல் ஹிட்லரோடு ஒத்துப்போன விஷி அரசின் தலைவரானார். நாஜிகளை எதிர்த்த லாஞ்செவனை அதே ஆண்டு ஜெர்மானியர் கைது செய்தார்கள். பின்பு திருவா ஊரில் வீட்டுக்காவல். அவருடைய மகள் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு, உயிரோடு திரும்பினார். போருக்குப் பின் பெட்டேன் தேசத்துரோகக் குற்றவாளி என்று தீர்ப்பானது. அவர் பெயரில் இன்றும் இங்கே ஒரு சாலை இருக்கிறது, அழகான ஓடுகள் பதித்த பழைய வீடுகளோடு. லாஞ்செவன் பெயரில் எதுவும் இல்லை. நகைக்கடைத் தொட்டிதான் அவருக்கான பலகை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, நானோவுக்கு வருவோம்.

ஒரு சென்டிமீட்டர் கனசதுர வெள்ளியின் மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பொடிக்கட்டிகளாக வெட்டினால் 600 சதுர மீட்டர், ஏறக்குறைய ஏழு பேட்மின்டன் ஆடுகளம். பரப்பு கூடக்கூட வினையும் கூடும். அதனால்தான் புண்ணுக்குக் கட்டும் பட்டியிலும் நாறாத காலுறையிலும் நானோ வெள்ளியைச் சேர்க்கிறார்கள். கிருமியைக் கொல்வது நம் உயிரணுவை விட்டுவைக்குமா? இந்தக் கேள்வியோடு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சுரேஷ் வலியவீட்டிலும் பிரகாஷ் ஹண்டேயும் அவர்கள் குழுவினரும் மனித நுரையீரல் அணுக்களில் நானோ வெள்ளியைச் சோதித்தார்கள். அணுக்களின் ஆற்றல் உற்பத்தி குறைந்ததையும் மரபணுப்பொருள் சேதமானதையும் 2009இல் வெளியிட்டார்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அவற்றின்மேல் மாவுச்சத்துப் பூசியிருந்தார்கள். வேட்டிக்குக் கஞ்சி போடுவதுபோல என்று சொல்ல ஆசைதான். ஆனால் இங்கே கஞ்சியின் வேலை விறைப்பு அல்ல, விலக்கி நிறுத்துவது.

பூச்சு இல்லாமல் புட்டியில் வரும் உலர்தூள் அப்படியல்ல. தண்ணீரில் கொட்டினால் கேழ்வரகு மாவு மாதிரி கட்டிகட்டும். பெரிய கட்டிகள் விறுவிறுவென்று அடியில் படியும். சோதனைத்தட்டில் உயிரணுக்கள் இருப்பதும் அடியில்தான். ஆக, கட்டியான தூள் அணுக்களின் தலையில் கொட்டுகிறது, நன்றாகப் பிரிந்த தூள் மேலேயே மிதக்கிறது. ஒரே அளவு தூள் போட்டாலும் அணுவைத் தொடும் அளவு வேறு. ஓர் ஆய்வுக்கூடம் நச்சு என்கும், இன்னொன்று ஒன்றுமில்லை என்கும். இருவரும் பொய் சொல்லவில்லை, கலக்கிய விதம்தான் வேறு.

அதற்காக ரொம்ப நேரம் அதிரவிட்டாலும் ஆபத்து. நீர் சூடாகும், பூச்சு கழன்றுவிடும், பிரிந்த துகள்கள் மறுபடி மோதி ஒட்டும். கம்பியின் முனையே அரிக்கப்பட்டு டைட்டானியத் துணுக்குகள் கலவையில் விழும். உந்துவிசிறியை அரித்த அதே குமிழ்தான். வெள்ளியைச் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு டைட்டானியத்தையும் சேர்த்துச் சோதித்துக்கொண்டிருப்போம்.

பழைய ஆய்வுரைகள் பலவற்றில் இதைப் பற்றி ஒரே வரிதான் இருக்கும்: இத்தனை நிமிடம் மீயொலியில் வைத்தோம். எந்தக் கருவி, எவ்வளவு நீர், எவ்வளவு ஆற்றல்? மௌனம். 2011இல் டவுரோஸ்ஸி, ஹேக்லி, வீஸ்னர் மூவரும் இந்த மௌனத்தைச் சுட்டிக்காட்டி, எதையெல்லாம் பதிவு செய்யவேண்டும் என்று எழுதினார்கள். அதன் மையத்தில் உள்ள அளவை பள்ளிக்கூடப் பாடம்தான். 100 கிராம் நீரில் கம்பியை முக்கி வெப்பமானியைப் பாருங்கள். ஒரு டிகிரி ஏற 418 ஜூல் வேண்டும். அதற்குப் பத்து நொடி ஆனால், நீருக்குள் போவது சுமார் 42 வாட். கருவியின் மேல் 400 வாட் என்று ஒட்டியிருப்பது வேறு விஷயம்.

2010 முதல் 2013 வரை நடந்த ஐரோப்பியக் கூட்டுத்திட்டமான நானோஜெனோடாக்ஸ் ஒரு செய்முறையைக் கொடுத்தது. தூளைச் சில துளி எத்தனாலில் நனை, மாட்டுச்சீரப் புரதம் கலந்த நீரை ஊற்று, மில்லிலிட்டருக்கு 2.56 மில்லிகிராம், பனிக்கட்டித் தொட்டியில் வைத்து 16 நிமிடம் அதிரவிடு. சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கும். ஆனால் எல்லாரும் ஒரே குறிப்பில் சமைத்தால்தான் ருசியை ஒப்பிடமுடியும். ஹார்வர்டில் டெமோக்ரிடூவின் குழு, ஒவ்வொரு தூளும் மேற்கொண்டு உடையாத நிலைக்கு வர எவ்வளவு ஆற்றல் தேவை என்று தனித்தனியே கணக்கிடச் சொன்னது.

இதெல்லாம் வெள்ளைக்கோட்டுக்காரர்களின் சச்சரவு என்று தோன்றலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்து பாருங்கள். தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தம்பிமார்கள் புல்வெளியில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் கப்பல்பட்டறையில் வெல்டிங் செய்பவர்களும் உண்டு. வெல்டிங் புகையில் இருப்பதும் நானோ அளவு உலோகத்துகள்கள்தான், யாரும் வேண்டுமென்று செய்யாதவை. 2017இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அந்தப் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகையில் சேர்த்தது.

அந்தப் புகையை வடிதாளில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தால், அதைத் தாளிலிருந்து பிரித்து நீரில் கலக்குவதும் பெரும்பாலும் மீயொலிதான். காற்றில் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது, இந்த முகமூடி போதாது என்று யாரோ ஒருநாள் முடிவெடுக்கும்போது, அவர்கள் முன் இருக்கும் தாள்களில் இப்படிப்பட்ட சோதனை முடிவுகளும் இருக்கும். அங்கே எத்தனை ஜூல் என்ற ஒரு வரி விடுபட்டிருந்தால், அந்தத் தம்பியின் நுரையீரலைப் பற்றி அந்தத் தாள் சொல்வதை எப்படி நம்புவது?